‘விவரங்கள் பொருந்தவில்லை’



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் தறிச் சத்தம் காதுக்குப் பழகிப்போன ஒன்று. ஓடும்போது தெரியாது, ஒரு தறி நின்றால்தான் தெரியும். அன்று பக்கத்துச் சந்தில் ஒரு தறி நின்றது. சற்று நேரத்தில் அந்தத் தறிக்காரரே எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். தறியை விட்டுப் பத்து நிமிஷம் எழுந்திருப்பதற்கே யோசிக்கிற மனிதர்.

“சார், ஒரு மனு எழுதணுங்க. கவர்மெண்டு பாஷை உங்களுக்குத்தானே தெரியும்” என்றார்.

“யாருக்கு?”

“எங்க பெரியவனுக்கு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தரையைப் பார்த்தார். “பெரியவளுக்குங்க” என்றார்.

அவருக்குப் பின்னால் சுடிதார் அணிந்த ஒரு பெண் நின்றிருந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். “தாத்தா, என்னைத் தெரியுதுங்களா?” என்றாள். குரலில் தெரிந்துகொண்டேன். பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஆங்கில இலக்கணம் கேட்க என் வீட்டுத் திண்ணைக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை. ஆறேழு வருஷமாகக் கண்ணில் படவில்லை. ‘சென்னையில் வேலை’ என்று வீட்டார் சொல்லி வந்தார்கள். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

உட்காரச் சொன்னேன். ஈரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைப்பது போல் இருக்கிறதாம். ஆனால் ஆதாரில் ஒரு பெயர், டிகிரியில் அதே பழைய பெயர், நேரில் போய் நிற்பவளோ வேறு ஆள். “எல்லாத்தையும் சரிபண்ணிட்டு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாவட்ட ஆட்சியரிடம் திருநங்கை என்ற அடையாளச் சான்றிதழ் பெற வேண்டும், அதற்குத்தான் மனு.

முப்பத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தவனுக்கு மனு எழுதுவது பெரிய வேலை இல்லை. ஆனால் அன்று பேனாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. காரணத்தை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் மேசைக்கு வந்த மனு

1989-ஆம் வருஷம். நான் அப்போது இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஒரு நாள் மதியம் சேலை கட்டிய ஒருவர் குடும்ப அட்டை கேட்டு மனுவோடு வந்தார். முப்பது வயது இருக்கும். இரண்டு ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிய மனு. இணைத்திருந்த ஒரே ஆவணம் பள்ளி மாற்றுச் சான்றிதழ். அதில் இருந்தது ஆணின் பெயர். மனுவில் இருந்தது பெண்ணின் பெயர்.

ஆடி மாதம் அது. குகையில் வண்டி வேடிக்கை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து மேசைக்காரர் சத்தமாகவே கேட்டார்: “என்ன, வண்டி வேடிக்கை முடிஞ்சும் வேஷம் கலைக்கலையா?” அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைத்துப் பயனில்லை.

சிரித்து முடித்து, விதியைப் பார்த்தேன். படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான்: ஆண், பெண். குறிப்பு எழுதினேன்: ‘மனுதாரரின் விவரங்கள் இணைப்பு ஆவணத்துடன் பொருந்தவில்லை. மனு திருப்பப்படுகிறது.’ கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்டார். விதிப்படி எல்லாம் சரி. தணிக்கையில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்ட அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “அப்ப நான் அரிசி வாங்க எந்தப் பேருல வரட்டுங்க சார்?”

என்னிடம் பதில் இல்லை. காகிதத்தை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் பதில் வந்த கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

பதிவேட்டின் பழைய முகம்

சர்க்கார் பதிவேடு என்றால் உரிமை தருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் இந்தியாவில் இவர்களுக்கென்று போடப்பட்ட முதல் பதிவேடு பிடித்து உள்ளே போடுவதற்காகப் போடப்பட்டது.

1871-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம். நம் பக்கத்துப் பெரியவர்கள் கசப்போடு ‘ரேகைச் சட்டம்’ என்று சொல்வார்களே, அதன் மூத்த பதிப்பு. அதில் இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. ‘அலிகள்’ என்று அன்று அவர்கள் அழைத்தவர்களைப் பற்றியது. வடக்கு மாகாணங்களுக்காக வந்த சட்டம். சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று அதிகாரிகள் கருதியவர்களின் பெயர், இருப்பிடம், சொத்து எல்லாம் பதிவேட்டில் ஏறும். ஏறிய பிறகு பெண் உடையில் பொது இடத்துக்கு வந்தாலோ, கூலிக்கு ஆடிப் பாடினாலோ வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. தத்து எடுக்க முடியாது. உயில் எழுத முடியாது. வயது வராத எந்தப் பிள்ளைக்கும் பாதுகாவலராக இருக்க முடியாது. 1911-ல் புதிய சட்டம் வந்தபோதுதான் இந்தப் பாகம் போயிற்று.

சட்டம் போனாலும் அதன் பார்வை போகவில்லை. அரசு அலுவலகத்தின் படியில் ஏற அவர்கள் தயங்கியதற்கும், ஏறியவரைப் பார்த்து நாங்கள் சிரித்ததற்கும் நூறு வருஷ வேர் உண்டு.

தமிழின் வழக்கம் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே பேடியைப் பற்றிப் பேசுகிறார். அவர்கள் உயர்திணையில் அடங்குவார்கள், அவர்களுக்கென்று தனியான வினைமுடிவு இல்லை, உயர்திணையின் பால் ஈறுகளையே ஏற்பார்கள் என்பது அவர் சொல்லும் இலக்கணம். அவனா, அவளா, என்னவென்று சொல்வது என்ற சிக்கல் அவருக்கும் வந்திருக்கிறது. ஆனால் மனிதர்களின் வரிசையை விட்டு வெளியே அவர் தள்ளவில்லை. நாங்கள்தான் ‘பொருந்தவில்லை’ என்று எழுதினோம்.

காரைக்காலில் நான் கண்ட பதிவேடு

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும், நான் காரைக்காலில் பிறந்தவன். பள்ளிப்படிப்பு பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிறகுதான் அம்மான் வீட்டோடு சேலம் வந்து, ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்று, சர்வீஸ் கமிஷன் எழுதி எழுத்தர் ஆனேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிறப்புப் பதிவேடு என்பது உயிர். ஒருவருடைய திருமணம், மணமுறிவு எல்லாமே அவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பாக ஏறிக்கொண்டே போகும். என் பதிவில் பிறந்தவன் என்பதற்கு ‘நே’ என்றொரு சொல். என் தங்கையின் பதிவில் பிறந்தவள் என்பதற்கும் ‘நே’தான். காதுக்கு இரண்டும் ஒன்றே. தாளில் மட்டும் அவளுக்கு ஓர் எழுத்து கூடுதல். சிறுவயதில் இது எனக்கு வேடிக்கையாக இருக்கும். வாயால் சொன்னால் வேறுபாடே இல்லாத ஒன்று, எழுதும்போது மட்டும் ஏன் பிரிகிறது?

இன்னொன்றும் அங்கே உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துப் பெரியவர்கள் ‘ரெனோன்சான்’ என்ற சொல்லைக் கேட்டிருப்பார்கள். 1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர் எவரும் பதிவு அதிகாரி முன் வந்து, ‘என் சாதி வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன், பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வருகிறேன்’ என்று அறிவிக்கலாம். தனக்கு ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ளலாம். அறிவித்தால் அறிவித்ததுதான், பிறகு மாற்ற முடியாது. பூட்ஸ் அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக 1873-ல் தடுக்கப்பட்டு, பிரான்ஸின் மேல் நீதிமன்றம் வரை போய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இந்த வழியில் வந்து ‘லபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் அதற்கு ‘கதவு’ என்று பொருள். அந்தக் கதவு வழியே போனவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் ஒரு மனிதர் தாமே வந்து ‘இனி நான் இன்னார்’ என்று சொன்னால் அரசு எழுதிக்கொள்ளும் என்பது நம் மண்ணில் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம்.

பெயரையும் சட்டத்தையும் இப்படி மாற்ற விட்ட அதே பிரான்ஸ், பாலை மாற்றக் கேட்டபோது மறுத்தது. பெண்ணாக வாழ்ந்துவந்த ஒருவர் பிறப்புப் பதிவைத் திருத்தக் கேட்டுக் கீழிருந்து மேல் வரை எல்லா நீதிமன்றங்களிலும் தோற்றார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1992 மார்ச் 25-ல் பிரான்ஸுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. அந்த டிசம்பரிலேயே பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஆனாலும் மருத்துவச் சான்று வேண்டும் என்ற நிபந்தனை நீடித்தது. 2016 நவம்பர் 18 சட்டம்தான் அதை எடுத்தது. அர்ஜென்டினா அதற்கு முன்பே, 2012-ல், நீதிமன்றமும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம், பதிவு அலுவலகத்தில் சொன்னால் போதும் என்று சட்டம் செய்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்தது

இந்தியாவில் இந்தக் காரியத்தில் முன்னால் நின்றது தமிழ்நாடு. அதில் எனக்குப் பெருமைதான். 2006 டிசம்பர் 21 தேதியிட்ட சமூகநலத் துறை அரசாணை எண் 199 என் நினைவில் நிற்கிறது. பள்ளி, கல்லூரியில் இவர்களுக்கு இடம் மறுக்கக் கூடாது, வீட்டார் பிள்ளையைக் கைவிடாமல் இருக்க ஆலோசனை தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2008 ஏப்ரல் 15-ல் நல வாரியம் அமைந்தது. ‘அரவானி’ போய் ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஏடுகளில் ஏறியது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றாக வந்தது. 2009-ல் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலில் ‘இதரர்’ என்ற கட்டத்தைச் சேர்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் முறையாக மூன்றாவது குறியீடு வந்தது. நாடு முழுவதும் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் அதில் பதிவானார்கள். நாற்பது வருஷம் படிவங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு படிவத்தில் ஒரு கட்டம் கூடுவது சின்ன விஷயமில்லை. கட்டம் இல்லாவிட்டால் ஆளே இல்லை.

வாரியம் அமைந்த அதே தேதியில், ஆறு ஆண்டு கழித்து, 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்பு வந்தது. தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கு. நீதிபதிகள் கே.எஸ். இராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி. ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்பதில் தாம் எது என்று சொல்லும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டாக வேண்டும் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றார்கள். 2024 ஏப்ரலோடு அதற்குப் பத்து வயது ஆயிற்று.

அதன் பலனை இரண்டே நாளில் நம் பக்கத்துக் கரூர் கண்டது. பெண் காவலராகச் சேர்ந்து பயிற்சியில் இருந்த ஒருவரை, மருத்துவப் பரிசோதனையில் ‘பெண் அல்ல’ என்று சொல்லி நீக்கியிருந்தார்கள். பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தவர். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 2014 ஏப்ரல் 17-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். நாகமுத்து உத்தரவிட்டார்.

அடுத்தது நம் சேலத்துப் பெண். கே. பிரித்திகா யாஷினியைத் தெரியாதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. கணினிப் பட்டதாரி. 2015-ல் சப் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்? விண்ணப்பத்தில் உள்ள பெயர் கல்விச் சான்றிதழ்களில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை. படிவத்திலும் மூன்றாம் பாலினத்துக்குக் கட்டம் இல்லை.

நாளிதழில் அதைப் படித்தபோது காப்பி ஆறிப்போனது. 1989-ல் நான் எழுதிய அதே வரி. எழுதிய கை வேறு, அவ்வளவுதான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் குறிப்பு மட்டும் இன்னும் பணியில் இருந்திருக்கிறது.

ஆனால் இந்தப் பெண் காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எழுத்துத் தேர்வு எழுத ஓர் உத்தரவு. தகுதி மதிப்பெண்ணுக்கு மறுபடி நீதிமன்றம். உடல்திறன் தேர்வில் நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடிக்குச் சற்று மேல் தாமதம் என்றார்கள், அதற்கும் நீதிமன்றம். 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அவரைப் பணிக்கு எடுக்கத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆளெடுப்பில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் வைக்கவும் சொன்னார்கள். 2017-ல் அவர் தருமபுரி மாவட்டத்தில் சப் இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். நாட்டிலேயே முதல்வர்.

2019 ஏப்ரல் 22-ல் மதுரைக் கிளையில் இன்னொரு தீர்ப்பு. தூத்துக்குடிக் கோயிலில் ஓர் இளைஞரும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் ‘மணப்பெண்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார், பதிவு செய்யுங்கள் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன்.

சட்டமும் அதன் செலவும்

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் நிறைவேறி 2020 ஜனவரி 10 முதல் அமலில் இருக்கிறது. விதிகள் அந்த ஆண்டு செப்டம்பரிலும், இணையதளம் நவம்பரிலும் வந்தன. 2020 விதிகளின்படி மனு மாவட்ட ஆட்சியருக்கு. கட்டணம் கிடையாது. படிவம் ஒன்று, கூடவே ‘நான் என்னை இப்படி உணர்கிறேன்’ என்று ஒரு பிரமாணப் பத்திரம், புகைப்படம், அடையாள ஆவணம். மருத்துவப் பரிசோதனையோ உடல் பரிசோதனையோ கூடாது என்று அந்த 2020 விதிகள் தெளிவாகச் சொல்லின. முப்பது நாளில் சான்றிதழ் தர வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் மனு செய்யலாம். சட்டம் வருவதற்கு முன்பே ஆவணங்களில் பாலை மாற்றிக்கொண்டவர்கள் மறுபடி மனு செய்யத் தேவையில்லை.

இந்தச் சான்றிதழில் பாலினம் ‘திருநர்’ என்றுதான் இருக்கும். ‘பெண்’ என்றோ ‘ஆண்’ என்றோ வேண்டுமானால் சட்டத்தின் 7-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். அது அறுவை சிகிச்சையைப் பேசுகிறது. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அல்லது முதன்மை மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும். ஹார்மோன் சிகிச்சை, ஆலோசனை போன்றவையும் மருத்துவ உதவியில் அடங்கும் என்று விதிகள் சற்று இளக்கம் காட்டுகின்றன. இருந்தாலும், அறுவை சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த சட்டம் அதையே கேட்பது எழுத்தர் மூளைக்கே இடிக்கிறது. இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குகளும் போயிருக்கின்றன.

இனி, செலவு. மனு இலவசம் என்றேன். அந்த நெசவாளர் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். முத்திரைத் தாள், நோட்டரி, பிரவுசிங் சென்டர், புகைப்படம், நகல் எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். அது பெரிதில்லை. அப்பாவுக்கு நான்கு நாள் தறி நின்றது. அது கொஞ்சம் பெரிது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருந்தது. அடையாள ஆவணத்துக்கு அவளுடைய பழைய சான்றிதழ்கள் வேண்டும். அவை வீட்டுப் பீரோவில். வீட்டை விட்டுப் போன அன்று எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எடுக்க விடவில்லை என்பதே சரி. ஆக, அரசு கேட்ட காகிதத்துக்காக அவள் ஆறு வருஷம் கழித்து, தன்னைத் துரத்திய வாசலில் வந்து நிற்க வேண்டியிருந்தது. “மூணு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன் தாத்தா. நாலாவது தடவைதான் வீட்டுக்கு வந்தேன்” என்றாள். இந்தச் செலவை எந்த அரசாணையிலும் எழுத முடியாது. இவளுக்குக் கதவு திறந்தது. திறக்காத வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளைகளின் சான்றிதழ் பீரோவிலேயே கிடக்கும், எரிந்தும் போயிருக்கும்.

அப்பாவிடம் தனியாகக் கேட்டேன், எப்படி மனசு மாறியது என்று. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பாவு அறுந்தா பிணைச்சுத்தானே சார் நெய்யறோம். தூக்கியா எறியறோம்?” என்றார்.

அவள் மனு

அன்று பேனா நின்றதன் காரணம் இதுதான். கடைசியில் எழுதினேன். பிரமாணப் பத்திரத்தின் வாசகத்தை முதலில் சாதாரணத் தாளில் எழுதி அவளிடமே படிக்கக் கொடுத்தேன். அப்பாவின் பெயருக்கு முன்னால், எத்தனையோ ஆயிரம் மனுக்களில் ‘த/பெ’ என்று எழுதிய அதே கை, அதையே எழுதியது. படித்துவிட்டு, “அப்பா பேரு போடலாமுங்களா?” என்று அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். “வேற யாரு பேரைப் போடுவ?” என்றார் அவர். சத்தமாகத்தான் சொன்னார், ஏதோ கோபப்படுகிறவர் போல.

இருபத்தாறாம் நாள் சான்றிதழ் வந்தது. யாரும் யாரையும் அழைத்துப் பரிசோதிக்கவில்லை, எவரும் சிரிக்கவில்லை. என் மனைவி கேசரி கிண்டினாள். அந்தச் சான்றிதழ் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லா ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆதார் முடிந்தது. பான் முடிந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் இழுக்கிறது. நம் ஊரில் எல்லாக் காகிதத்துக்கும் தாய்க் காகிதம் அது. எங்கே போனாலும் ‘எஸ்.எஸ்.எல்.சி.யில் என்ன பேர்?’ என்றுதான் கேட்பார்கள். ஒரு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். குறிப்பு என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புக்கு விண்ணப்பித்து, மறுமனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஈரோட்டுக் கம்பெனி இன்னும் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறது.

1989-ல் வந்தவருக்கு இப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். இருந்தால் எந்த ஊரில் இருக்கிறாரோ. அவருக்கு நான் திருப்பித் தர வேண்டியது இரண்டு ரூபாய் ஸ்டாம்பு மட்டும் இல்லை. அதை அவருக்கே தர முடியாது என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, உறவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அனுப்பி வையுங்கள். முதலில் அந்தப் பீரோவைத் திறந்து சான்றிதழ்களைக் கையில் கொடுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை திண்ணையில்தான் இருப்பேன். பேனா, தாள் என்னுடையது.